வீட்டுப் பழம்

பழக்கடைக்காரர் வீட்டுக்குள் முழுப் பழம் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. மூக்கும் முழியுமாக இருப்பதெல்லாம் கடைக்கு. இறக்கும்போது அடிபட்டது, பறவை கொத்தியது, காம்பு கழன்றது, யாரும் சீண்டாமல் கிடந்து கருத்துப்போனது எல்லாம் கல்லாவுக்குக் கீழே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குப் போகும். அந்தக் கூடையில் விழுந்துவிட்டால் அதற்கு வீட்டுப் பழம் என்று பெயர். கடையைச் சாத்தும்போது கூடை அவர் கையோடு வீட்டுக்கு வரும். அழுகிய இடத்தைக் கத்தி முனையால் தோண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்தால், அந்த வீட்டின் பாதிச் சாப்பாடு முடிந்தது. ஊரில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பழம் தின்பார்கள். இவர்கள் பழம் தின்றுவிட்டு, வயிற்றில் இடமிருந்தால் சாப்பிடுவார்கள்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. அவர் தொழில் கற்ற கடையின் முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, நல்ல பழத்தில் வாய் வைக்கிற வியாபாரி உருப்பட மாட்டான் என்பதுதான். இன்னொரு பாடமும் உண்டு. பழுக்கிற வரைக்கும் பழத்தில் சத்து ஏறும், பழுத்து முடிந்தால் இறங்கிவிடும், கருத்துத் தளர்ந்த பழத்தில் இனிப்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. இரண்டையும் அவர் வேதவாக்காக வைத்துக்கொண்டார். நோயாளிக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம், "இன்னிக்கு இறங்கின பழம். சத்து முழுசா இருக்கு. குடுங்க, எழுந்து உக்காருவாங்க" என்று எடுத்துக் கொடுப்பார். கருத்ததை மலிவாகக் கேட்டால், "அதுல என்ன இருக்கு? வெறும் சக்கரைத் தண்ணி" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார்.

தெருவில் அவருக்குப் பெயர் 'அழுத்தாதீங்க'. பெருவிரலால் பழத்தை அமுக்கிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "அழுத்தாதீங்க, அழுத்தாதீங்க. விரல் பட்ட இடம் நாளைக்குக் கருத்துடும்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் முட்டைக்கடை வைத்திருப்பவர் சூட்டிய பட்டம் அது.

"உனக்கு அழுத்தாதீங்கன்னு சொன்னா வியாபாரம் ஓடிடுது. நான் தும்மாதீங்கன்னு இல்ல சொல்ல வேண்டியிருக்கு" என்பார் முட்டைக்காரர்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவர் மனைவி அந்தத் தட்டைப் பார்த்து முகம் சுளித்தது உண்மை. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தின்று தின்று நாக்கு அதற்குப் பழகிவிட்டது. பிறகு அதுதான் ருசி என்றே ஆகிவிட்டது. வாழைப்பழம் என்றால் தோல் முழுக்கக் கருத்து, உள்ளே சதை கண்ணாடி மாதிரி ஆகி, கரண்டியால் அள்ளும் பதத்தில் இருக்க வேண்டும். பப்பாளி கொழகொழவென்று இருக்க வேண்டும். திராட்சை லேசாகச் சுருங்கியிருக்க வேண்டும். யார் வீட்டிலாவது மஞ்சள் வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தால் ஒரு கடி கடித்துவிட்டு, "இது காய்தானே" என்று வைத்துவிடுவாள். மதிய நேரத்தில் கடைக்கு வந்து திராட்சைக் கொத்துகளிலிருந்து உதிர்ந்தவற்றைப் பொறுக்குவதும், ஆப்பிள்களைத் துணியால் துடைத்து அடுக்குவதும் அவள் வேலை. பொறுக்கும்போது ஒரு நல்ல திராட்சை வாய்க்குள் போனதில்லை. ஆசையும் இல்லை.

ஒரே மகள் அம்மாவுக்கு நேரெதிர். அந்த வாசனையிலேயே வளர்ந்து, பழ வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். பள்ளிக்கூடப் பையில்கூடப் புளித்த பழத்தின் வாடை அடிக்கிறது என்று அழுதிருக்கிறாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, தன் வீட்டுக்குள் பழம் என்ற பேச்சையே அவள் நுழைய விடவில்லை.

பழக்கடைக்காரருக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. ஊருக்கெல்லாம் சத்துள்ளதை விற்றுவிட்டு, கட்டியவளுக்குச் சத்து போனதைக் கொடுக்கிறோமே என்பது. ஒருநாள் இவளுக்கென்று ஒரு கூடை நல்ல பழம் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பார். வியாபாரம் நன்றாக நடந்த நாளில் பழம் மிஞ்சாது. வியாபாரம் படுத்த நாளில் மனசு வராது. வருஷங்கள் இப்படியே ஓடிவிட்டன.

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் இறக்கிய வாழைத்தாரைச் சீப்பு சீப்பாக அறுத்துக் கொக்கியில் மாட்டினால் மறுநாளே புள்ளி விழுந்தது. வீட்டுக் கூடை தினமும் நிறைந்து வழிந்தது. அந்தச் சமயத்தில்தான் மனைவியின் கால் வீங்க ஆரம்பித்தது.

"வெயிலுக்கு வீங்குதுங்க" என்றாள். பிறகு முகமும் வீங்கியது. சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"இரும்புச் சாவியை வாயில போட்டு வெச்ச மாதிரி இருக்குங்க. எதைத் தின்னாலும் அதே ருசிதான். வாழைப்பழம் மட்டும்தான் பழம் மாதிரி இருக்கு."

"அப்போ அதையே சாப்பிடு. பழம் யாரை என்ன பண்ணும்" என்றார் அவர்.

படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். சின்ன வயசு டாக்டரம்மா, முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. பழக்கடைக்காரர் குழியையே பார்த்தார். விரல் பள்ளம் நிரம்பாத பழம் எந்தக் கூடைக்குப் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுத்தாதீங்க என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டிருந்தன. வாரத்தில் சில நாட்கள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டார்.

"தெம்புக்கு என்ன பழம் குடுக்கலாம் டாக்டர்?"

"பழமே குடுக்கக் கூடாதுங்க. முக்கியமா வாழைப்பழம், ஆரஞ்சு, பப்பாளி. வாயில படவே கூடாது. ரொம்ப ஆசைப்பட்டா தோல் சீவின ஆப்பிள் ஒரு துண்டு. அவ்வளவுதான்."

"பழத்தையா சொல்றீங்க?"

"ஆமா. பழத்துல பொட்டாசியம்னு ஒரு சத்து இருக்கு. நமக்கெல்லாம் நல்லதுதான். மிஞ்சினதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிடும். இவங்களுக்கு இனிமே தள்ளாது. ரத்தத்துல ஏறிக்கிட்டே போய் இதயத்தை நிறுத்திடும்."

"சத்து ஜாஸ்தியானா நிறுத்திடுமா?"

"நிறுத்திடும்" என்றாள் டாக்டரம்மா. அவர் பழக்கடைக்காரர் என்பது அவளுக்குத் தெரியாது.

மகள் வந்து இறங்கினாள். வந்த அன்றே சமையலறையை அலசிக் கழுவி, வீட்டுக் கூடை வாசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கருத்த பழங்களைக் கடைக்குப் பின்னாலிருக்கும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார். வெறுங்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஆப்பிளைத் தேர்ந்தெடுத்தார். பெட்டியிலேயே அதுதான் முதல் தரம். கல்லாவுக்கு எதிரில் ராஜா மாதிரி உட்கார வைத்திருந்ததை எடுத்து, துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, தோல் சீவி, ஒரு துண்டு வெட்டி மனைவியிடம் நீட்டினார். அவர் கையால் அவளுக்குக் கொடுத்த முதல் முழுப் பழத்தின் முதல் துண்டு அது.

அவள் மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"பலகையைக் கடிக்கிற மாதிரி இருக்குங்க." சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "பல்லு சரியில்ல, அதான்" என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கூடை எங்கங்க? ரெண்டு மூணு நாளா காணோமே" என்று கேட்டாள்.

"கொட்டிட்டேன்."

"எங்க?"

"குப்பையிலதான். வேற எங்க?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவ்வளவுமா?" என்றாள். "நான் தின்னலேன்னா நீங்களாவது தின்னிருக்கலாமே."

எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் இல்லாதவள், பிறகு தினமும் கேட்க ஆரம்பித்தாள். மகள் அந்தப் பக்கம் போனதும் மெதுவாக ஆரம்பிப்பாள். ஒண்ணே ஒண்ணுங்க. பாதிங்க. நாக்குல வெச்சுட்டுத் துப்பிடறேங்க. வெயில் வேறு. தண்ணீரையும் அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். கஞ்சி இறங்கவில்லை, ரொட்டி இறங்கவில்லை. ஒவ்வொரு முறை மெஷினிலிருந்து இறங்கும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் சின்னதாகி வருவதாக அவருக்குப் பட்டது. நோய் கொல்லும் முன்னால் பட்டினி கொன்றுவிடும் என்று பயந்தார். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை.

மகளுக்கு அவள் வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை. "அஞ்சு நாள்ல வந்துடறேன்பா. சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முட்டைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுல எப்படி இருக்கு?"

"எதுவும் இறங்க மாட்டேங்குது. கருத்த பழம்தான் வேணுமாம்."

"டாக்டர் வேணாம்னுட்டாங்களே."

"சத்துதான் ஆகாதுன்னு சொன்னாங்க." பழக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்பா, பழுத்து முடிஞ்ச பழத்துல சத்து இருக்குமா?"

"என்னைக் கேட்டா? நீதானே இல்லேன்னு ஊருக்கெல்லாம் சொல்றே. நீ சொன்னதைக் கேட்டுத்தான் நான் கருத்த பழம் வாங்கறதையே விட்டேன்."

"இருக்காதுதானே?"

"முட்டையைப் பத்திக் கேளு, சொல்றேன். பழத்துல நீ சொல்றதுதான் சட்டம்."

தான் சொன்னது தனக்கே சாட்சியாக வந்து நின்றது. பழக்கடைக்காரருக்கு மனசு லேசாகிவிட்டது. டாக்டரம்மா சொன்னது நல்ல பழத்தை. மஞ்சள் பழத்தை. ஊரார் தின்னும் பழத்தை. இப்படி ஒரு பழத்தை இவள் காலமெல்லாம் தின்றுவருகிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? சத்து இருந்தால்தானே ஆபத்து? இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டார். கூடையைக் குனிந்து பார்த்து, இருப்பதிலேயே நன்றாகத் தளர்ந்து, தொட்டாலே தோல் வழுக்குகிற இரண்டைப் பொறுக்கினார். இன்னும் ஒருநாள் போகட்டும், மிச்சமிருப்பதும் இறங்கிவிடட்டும் என்று அதையும் உடனே கொடுக்காமல் வெயிலில் வைத்தார். அவ்வளவு ஜாக்கிரதை.

அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தோலை உரித்து, கரண்டியால் அள்ளி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் விழுங்கவேயில்லை.

"இனிக்குதுங்க" என்றாள். "சாவி போயிடுச்சு."

அதற்குப் பிறகு அரைக் கிண்ணம் கஞ்சியும் குடித்தாள். தெருவில் போகிறவர்களைப் பற்றி ஏதோ கேட்டாள். முட்டைக்காரர் மனைவி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாரையும் அடையாளம் தெரியாமல் திரிகிற கதையைச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு முகத்தில் களை வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. மறுநாளும் இரண்டு கொடுத்தார். அதற்கு மறுநாள் மூன்றாயிற்று.

"டாக்டர் திட்ட மாட்டாங்களாங்க?"

"அவங்க சொன்னது சத்துள்ள பழத்தை. இதுல ஒண்ணும் கிடையாது. எல்லாம் இறங்கிப்போனது. உன்னை ஒண்ணும் பண்ணாது."

அவள் கரண்டியை வழித்துக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் கிடையாதுன்னு தெரிஞ்சுதான் இத்தனை வருஷம் எனக்குக் குடுத்தீங்களா?"

பழக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"சும்மா கேட்டேங்க. மூஞ்சியப் பாரு." அவள் சிரித்தாள். "எனக்கு இதுதானே பிடிச்சிருக்கு."

மறுநாள் காலையில் அவளால் கட்டிலிலிருந்து காலை இறக்க முடியவில்லை. "காலு என்னுது மாதிரியே இல்லைங்க" என்றாள். நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடிப்பதாகச் சொன்னாள். பிறகு பேசவில்லை. முட்டைக்காரர் தன் வண்டியிலிருந்த முட்டை அட்டைகளையெல்லாம் தெருவிலேயே இறக்கிவிட்டு, அவளைப் பின்னால் படுக்க வைத்து ஓட்டினார். பழக்கடைக்காரர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் "மெதுவாப்பா, மெதுவா" என்றும், உடனேயே "சீக்கிரம் போப்பா" என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனார்.

உயிர் தப்பிவிட்டாள். நூலிழையில் தப்பினாள் என்றார்கள். மெஷினிலிருந்து இறக்கி வார்டில் படுக்க வைத்தபோது மகளும் வந்து சேர்ந்திருந்தாள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"வாழைப்பழம்" என்றாள் மனைவி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நானா எடுத்துத் தின்னேன். அவருக்குத் தெரியாது."

"உங்க கிட்ட அவ்வளவு சொன்னேனேம்மா. சாகணும்னு ஆசையா உங்களுக்கு?"

மகள் பொறுக்க முடியாமல் வெடித்தாள். "இந்த வயசுல நாக்கை அடக்கத் தெரியாதாம்மா உனக்கு? நான் பிள்ளைங்களை விட்டுட்டு வந்து உக்காந்து ஆக்கிப் போட்டேனே. திருட்டுத்தனமா தின்னியா? எப்படி நடந்து போய் எடுத்தே?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் புருஷன் மாட்டிக்கொள்வான் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பழக்கடைக்காரரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அவளைத் திட்டாதீங்க" என்றார். "நான்தான் குடுத்தேன்."

மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கருத்த பழம்தான் டாக்டர் குடுத்தேன். ஒருநாள் வெயில்ல வேற வெச்சுக் குடுத்தேன். சத்தெல்லாம் இறங்கிப்போனது. நான் பழக்கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா திட்டத்தான் வாயெடுத்தாள், திட்டவில்லை. "பொட்டாசியம் எங்கேயும் போகாதுங்க" என்றாள். "காயா இருந்தாலும் கருத்தாலும் உள்ளே இருக்கறது அப்படியேதான் இருக்கும். யாரு உங்களுக்கு இறங்கிடும்னு சொன்னது?"

யார் சொன்னது என்று அவர் என்ன சொல்வார். சொன்ன முதலாளி செத்து எத்தனையோ வருஷமாயிற்று. அந்த நிமிஷத்தில் அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கக்கேடு, ஆனால் உண்மை அதுதான். அப்படியென்றால் இத்தனை காலம் இவளுக்குச் சக்கையைக் கொடுக்கவில்லை. ஊர் தின்றதைத்தான் இவளும் தின்றிருக்கிறாள். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட நிற்கவில்லை. கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். துடிப்பைக் கணக்கெடுக்க நெஞ்சில் ஒட்டியிருந்த பட்டைகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

மகள் மருந்து வாங்கப் போன நேரத்தில் மனைவி அவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க சொன்னீங்க?"

"உன்னைத் திட்டறாளே."

"திட்டட்டுமே. அவ திட்டினா எனக்கு என்ன தேஞ்சா போயிடும்? திட்டிட்டு, என்னை உங்ககிட்ட விட்டுட்டுப் போயிருப்பா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப விட மாட்டா."

அவள் சொன்னதுதான் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு நாளில் மருமகன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மகள் வசிக்கும் ஊரிலும் மெஷின் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் பேசியாயிற்று என்றார்கள். மகள் அப்பாவிடம் சண்டை போடவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். "நீங்க கடையை விட்டு எப்படி வருவீங்க? வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கப்பா" என்றாள். அவர் தலையாட்டினார். அம்மாவை இங்கேயே விடு, இனி அவளுக்கு அந்தப் பழத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்வதற்கு இரண்டு நாளும் வாய் எடுத்தார். தன்னால் அதைச் சத்தியமாகச் சொல்ல முடியுமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் விட்டுக் கேட்டால் என்ன செய்வார்?

கிளம்புகிற அன்று காலையில் விடிவதற்குள் கடைக்குப் போய்விட்டார். வந்திறங்கிய ஆப்பிள் பெட்டிகளில் புதியதைப் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு கீறல், ஒரு புள்ளி இல்லாதவையாகப் பொறுக்கி, தனித்தனியே காகிதத்தில் சுற்றிப் பையில் அடுக்கினார். முட்டைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கேலியும் செய்யவில்லை.

அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து காரின் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். தலையணை வைத்தார்கள். மருந்துப் பையை வைத்தார்கள். பழக்கடைக்காரர் ஜன்னல் வழியாக ஆப்பிள் பையை நீட்டினார்.

பக்கத்தில் நின்ற மகள் வாங்கினாள். உள்ளே என்ன என்று பார்த்தாள். பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம்பா."

"ஆப்பிள்தாம்மா. டாக்டர் சொன்னதுதான். தினம் ஒரு துண்டு தரலாம்னு..."

"தெரியும்பா. நான் அங்கயே வாங்கிக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மகள் மிகவும் தணிவாக, அவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவள் தன் கையால் ஒரு பழம் வாங்கி அவர் பார்த்ததில்லை. எந்தக் கடையில் வாங்குவாள், எவன் என்ன கொடுப்பான், அதைப் பார்த்து வாங்கத் தெரியுமா என்பதெல்லாம் அவர் மனசில் ஓடின. கேட்கவில்லை.

பின்சீட்டில் இருந்தவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவர் பிடித்திருந்த பையிலிருந்து ஒரே ஒரு பழத்தை எடுத்தாள். காகிதத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"இது சும்மா இருக்கட்டும்டி" என்றாள் மகளிடம். "நான் திங்க மாட்டேன். அப்பா குடுத்தது."

மகள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு குனிந்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அந்தப் பழத்தை எடுத்து அப்பாவின் பையில் போட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். மறுபக்கம் போய் ஏறிக்கொண்டாள்.

"வெயில் ஏறுதுங்க. போய்க் கடையைத் திறங்க" என்றாள் உள்ளே இருந்தவள்.

கார் கிளம்பியது. பழக்கடைக்காரர் பையோடு கூடவே நாலு எட்டு நடந்தார். பிறகு நின்றுவிட்டார்.